வாக்குத்தத்த அட்டையும் எரிந்துபோன மோட்டாரும்

இன்றைக்குச் சற்றுக் கோபமாக இருக்கிறேன். ஆகையால் நீளமாகவே எழுதப்போகிறேன். கோபம் வந்தால் சிலருக்குப் பேச்சு குறைந்துபோகும். முப்பத்திரண்டு வருஷ காலம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கோ வாக்கியம் நீண்டுபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபம் ஆண்டவர் மேல் அல்ல. (அதுவும் கொஞ்ச நாள் இருந்தது.)

ஓர் அண்ணாச்சி மேல்.

நேற்று மாலை நடந்த ஒரு ஸ்தோத்திரக் கூட்டத்தில், அந்த அண்ணாச்சி எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, இன்ன தெருவில் இன்ன வீட்டில் பதினொரு நாள் தண்ணீர் இல்லாதிருந்ததையும், தாம் அந்த வீட்டுக்குப் போய் அவர்களுடைய விசுவாசக் குறைவை அன்போடு உணர்த்தி முழங்கால்படியிட்டு ஜெபித்த பிற்பாடே அங்கே தண்ணீர் வந்ததையும் கண்ணீரோடு சாட்சியாகச் சொன்னார். அந்த வீடு என் வீடு. அந்தக் குறைவு என் குறைவு. சபையார் திரும்பிப் பார்த்த திசையில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம்.

மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொடுத்த வைண்டிங் கடைக்காரரைப் பற்றிச் சாட்சியில் ஒரு வார்த்தை இல்லை.

சரி, ஆதியிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் வருஷப்பிறப்பு ஆராதனையின் முடிவில் ஒரு தாம்பாளம் நிறைய மடித்த அட்டைகளை வைத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் வேத வசனம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதுதான் அந்த வீட்டுக்கு அந்த வருஷத்தின் வாக்குத்தத்தம். நள்ளிரவு கடந்து, புதுச் சட்டையின் கஞ்சி கழுத்தை அறுக்க, தூங்கி விழும் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த அட்டையைப் பிரிக்கும் கணத்தில், வாழ்நாளெல்லாம் பகுத்தறிவு பேசுகிறவனுக்குக்கூட நெஞ்சு ஒரு தடவை படபடக்கத்தான் செய்கிறது. (பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன வசனம் வந்தது என்று எட்டிப் பார்ப்பதும் உண்டு. மறுக்காதீர்கள்.)

எங்களுக்கு வந்தது ஏசாயா 58ஆம் அதிகாரத்திலிருந்து. நீ வற்றாத நீரூற்றைப் போல இருப்பாய் என்ற பொருளில் ஒரு வரி. என் மனைவிக்குப் பரம சந்தோஷம். வீட்டுக்கு வந்த கையோடு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

அது ஜனவரி 1.

ஜனவரி 3 காலை ஆறு மணிக்கு ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்று.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் இப்போது சிரிக்கிறேன், அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லை என்பது குளிக்க முடியாத அசௌகரியம் மாத்திரம் அன்று. எண்பத்து நான்கு வயதான என் தாயார், போன புரட்டாசியில் புழக்கடைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனுக்குப் பிறகும் எழுந்து நடக்க இயலாமல் படுக்கையில் இருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் ஒருவரைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஒரு நாளைக்கு எத்தனை வாளி தண்ணீர் வேண்டும் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். தெருக்குழாயிலோ ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில், நூல் போலத் தண்ணீர். ஒரு குடம் நிறைவதற்குள் நூற்றிருபத்தொன்றாம் சங்கீதத்தை இரண்டு தரம் நிதானமாகச் சொல்லி முடித்துவிடலாம். சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

இனி, கடவுளை நம்பியிருப்பது எப்படி என்பதில் இந்தப் பதினொரு நாளில் நான் செய்த பரீட்சைகளையும், அவற்றில் வரிசையாகத் தோற்ற விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் பரீட்சை, பேரம்.

"ஆண்டவரே, இது மோட்டார் கோளாறாக இல்லாமல் வெறும் கெப்பாசிட்டர் கோளாறாக இருந்தால் ஐந்நூறு ரூபாய் காணிக்கை போடுகிறேன்" என்று பேனல் பெட்டிக்கு முன்னால் நின்று மனத்துக்குள் பொருத்தனை பண்ணினேன். எலக்ட்ரீஷியன் வந்து கெப்பாசிட்டரை மாற்றினான். ஓடவில்லை. அந்தக் கெப்பாசிட்டருக்கும் அவன் கூலிக்கும் சேர்த்து ஆன தொகை, என்ன விசித்திரமோ, கிட்டத்தட்ட ஐந்நூறுதான். பரலோகத்தில் நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று எவன் சொன்னான்?

இரண்டாவது, பல்லைக் கடித்த ஸ்தோத்திரம்.

எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம் செய்யவேண்டும் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம் அல்லவா? சரி என்று, எதிர்வீட்டிலிருந்து வாளி சுமக்கும்போது வாளிக்கு ஒரு ஸ்தோத்திரமாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் வாளி ஸ்தோத்திரம். இரண்டாவது வாளி ஸ்தோத்திரம். மூன்றாவது வாளியில் கால் இடறி முழங்கால்வரை நனைந்தபோது வாயிலிருந்து வந்த சொல் ஸ்தோத்திரம் அன்று. அதை இங்கே எழுதுவதற்கில்லை, பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

மூன்றாவது, நடுநிசிக் கணக்கு.

இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, மோட்டாருக்கு இவ்வளவு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இவ்வளவு, மாத்திரைக்கு இவ்வளவு, வருகிற ஓய்வூதியம் இவ்வளவு என்று இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது. இதை நான் வெகுகாலம் விவேகம் என்று நினைத்திருந்தேன். விடியற்காலையில் பார்த்தால் கணக்கில் ஒரு பைசாவும் மாறியிருக்காது. தலைவலி மாத்திரம் வரவில் ஏறியிருக்கும்.

இந்த மூன்றாவது பரீட்சையில்தான் அம்மாவிடம் பிடிபட்டேன். அவர்களுக்கும் தூக்கம் கிடையாது.

"எய்யா, முழிச்சா கிடக்க?"

"ஆமாம்மா."

"இன்னைக்குள்ள குடம் நிறைஞ்சிருக்கா?"

"நிறைஞ்சிருக்கு."

"அப்பம் என்னத்துக்கு நாளைக்குள்ள குடத்தை இப்பமே சுமக்க? போய்த் தூங்குலே."

என் தாயார் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் சொன்னது யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தின் சாரம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா கொடுக்கப்பட்டபோது ஆளுக்கு ஓர் ஓமர் அளவுதான். மறுநாளைக்கென்று பதுக்கி வைத்தவர்களுடைய பானையில் அது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்திய ஆறாம் நாளில் மாத்திரம் இரட்டிப்பாய்ச் சேர்த்துக்கொள்ள உத்தரவு. அன்றைக்குச் சேர்த்தது புழுக்கவில்லை. சேர்த்து வைப்பதே பாவம் என்று அந்தச் சரித்திரம் சொல்லவில்லை, கவனியுங்கள். நாளைக்குக் கடவுள் இருக்கமாட்டார் என்று பயந்து சேர்த்ததுதான் புழுத்தது. என் நடுநிசிக் கணக்கும் அந்த ஜாதிதான். புழு நெளிந்த பானை என் மண்டை.

(அம்மாவின் அளவை முறையே தனி. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கிராமத்து வீட்டில் அடுப்படியில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலைக்கு அரிசி எடுக்கும் ஒவ்வொரு வேளையும் அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார்கள். பிடியரிசி. அது கோயிலுக்கு. வீட்டில் அரைப்படி அரிசிதான் இருக்கிறது, ஐந்து வயிறு இருக்கிறது என்ற நாளிலும் அந்தப் பிடி குறையாது. அப்பாவுக்குப் பனை சீஸன் முடிந்து வருமானம் நின்றுபோகும் மாதங்களில், "இன்னைக்கு மட்டும் அந்தப் பிடியை விட்டுரும்மா" என்று நான் அழுதிருக்கிறேன். "நமக்கு இல்லாத அன்னைக்குப் போடுததுதாம்லே கணக்கு" என்பார்கள். அன்றைக்கு அது எனக்கு அநியாயமாகவே பட்டது.)

எங்கே விட்டேன்? ஆம், அண்ணாச்சி.

ஐந்தாம் நாள் வந்தார். வாசற்படியில் வரிசையாக இருந்த வாளிகளைத் தாண்டி உள்ளே வந்து, குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த அட்டையைப் படித்துப் பார்த்து, வெகுநேரம் தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்.

"தம்பி, தப்பா நினைக்காதிய. வாக்குத்தத்தம் வந்த வீட்டுல தண்ணி நின்னுபோச்சுன்னா, விசுவாசத்துல எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். உட்கார்ந்து ஆராய்ஞ்சு பாருங்க."

அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எய்யா, போன வருஷம் உங்களுக்குக் கண்ணுல புரை எடுத்தாங்களே, அது எந்த ஓட்டை வழியா வந்துச்சாம்?"

அண்ணாச்சி அதைக் காதில் வாங்காமல், ஜார்ஜ் முல்லர் கதைக்குத் தாவினார். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பட்டணத்தில் அனாதை இல்லம் நடத்தினாரே, அவர். காலை ஆகாரத்துக்கு ஒன்றுமில்லாத மேஜையில் பிள்ளைகளை உட்காரவைத்து முல்லர் ஸ்தோத்திரம் பண்ணினாராம்; பண்ணி முடித்ததும் ரொட்டிக்காரன் கதவைத் தட்டினானாம்; பால்வண்டி வாசலிலேயே உடைந்து பால் முழுவதும் உள்ளே வந்ததாம். நம் பக்கத்தில் ஞாயிற்றுப்பள்ளி படித்த யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. அண்ணாச்சி இதைச் சொல்லிவிட்டு, "அது விசுவாசம்!" என்று என் வாளிகளைப் பார்த்தார்.

முல்லர் பெரியவர், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1836இல் வாடகை வீட்டில் ஆரம்பித்து, பின்னர் ஆஷ்லி டவுன் என்ற மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுப்பி, ஏககாலத்தில் இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல் தங்க இடம் செய்து, ஒருவரிடமும் வாய்விட்டுப் பணம் கேட்பதில்லை என்ற விரதத்தை 1898இல் தாம் மரிக்கும் வரையில் காத்தவர். ஆனால் நம் ஜனங்கள் அந்த ரொட்டிக்காரனோடு கதையை நிறுத்திக்கொள்கிறார்கள். அதே முல்லர், வந்த காணிக்கை எவ்வளவு சிறியதானாலும் வரவு வைத்து, ரசீது கொடுத்து, வருஷந்தோறும் கணக்கை அச்சிட்டு வெளியிட்டவர். கடன் வாங்கமாட்டேன் என்று நின்றவர். காலையில் முழங்காலில் நின்றவரின் கையில் பகலில் பேரேடு இருந்தது. பேரேட்டைப் பற்றி ஒரு சாட்சிக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. முல்லருடைய மனைவியின் சகோதரர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவர், இதே விரதம் பூண்டவர், 1830களில் நம் நாட்டுக்கு வந்தார். அவரோடு சேர்ந்துகொண்டவர் நம் திருநெல்வேலிச் சீமையில் 1810இல் பிறந்து, பாளையங்கோட்டையில் ரேனியஸ் என்ற மிஷனரி ஐயரிடம் படித்த அருளப்பன். மிஷன் சம்பளம் வாங்கிக்கொண்டு உபதேசியாராக நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கக்கூடிய அந்த மனிதர், நிர்ணயித்த சம்பளம் வேண்டாம் என்று விட்டு, 1840இல் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரையே உண்டாக்கி, தம் ஜனங்கள் சொந்தக் கையால் உழைத்துப் பிழைத்துக்கொண்டே ஊழியமும் செய்யவேண்டுமென்று பழக்கினார். பிரிஸ்டல் வரைக்கும் எதற்குப் போகவேண்டும்? தேவனை நம்பிச் சம்பளத்தை விட்டவர் இங்கேயே இருந்தார். அவரும் கையைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேனா?

இல்லை. "காப்பி சாப்பிடுங்கண்ணாச்சி" என்றேன். (தண்ணீர் எதிர்வீட்டு ஆச்சியுடையது.)

அவர் ஜெபித்துவிட்டுப் போன பிறகு அம்மாவும் ஜெபித்தார்கள். அது வேறு மாதிரி ஜெபம். "ஆண்டவரே, என்னத்துக்கு இப்படிப் பண்ணுதீரு? கிழவியைப் படுக்கப் போட்டது பத்தாதா, தண்ணியையும் நிறுத்தணுமா? எம் மவன் முதுகு ஒடியுதே, உமக்குக் கண்ணு தெரியலையா?" என்று, ஏதோ அடுத்த வீட்டுக்காரரிடம் வேலித் தகராறு பேசுவது போல உரத்த குரலில். என் மனைவி பதறிப்போனாள். எனக்கோ, அந்தப் பதினொரு நாளிலும் எங்கள் வீட்டில் செய்யப்பட்ட ஜெபங்களில் உண்மையானது அது ஒன்றுதான் என்று தோன்றியது. நூற்றைம்பது சங்கீதங்களில் முறையீடுகள் எத்தனை! எண்பத்தெட்டாம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. கடைசியில் ஓர் ஆறுதல் வரிகூடக் கிடையாது. அதையும் எடுத்துவிடாமல் வேத புஸ்தகத்தில் வைத்திருக்கிறார்களே! நம்பாதவனிடத்தில் யாரும் போய் நியாயம் கேட்பதில்லை. சண்டை போடவும் ஓர் உறவு வேண்டும்.

எலியா தீர்க்கதரிசியின் சங்கதி நினைவுக்கு வருகிறது. பெரிய பெரிய அற்புதங்கள் செய்தவர், ஒரு ராணியின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்போது தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. விசுவாசத்தில் ஓட்டை தேடவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் சுட்ட பலகாரமும் ஒரு பாத்திரம் தண்ணீரும். அந்தப் பலகாரத்தை நம் பழைய மொழிபெயர்ப்பு 'அடை' என்றே சொல்கிறது. எனக்கு அந்த இடத்தில் எப்போதும் எங்கள் வீட்டுத் தோசைக்கல் ஞாபகம் வரும். சாப்பிட்டவர் திரும்பவும் தூங்குகிறார். திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். பேச்சு, தர்க்கம், புத்திமதி எல்லாம் பிறகுதான். முதலில் அடையும் தண்ணீரும்.

எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த தூதன், எதிர்வீட்டு ஆச்சி. எழுபது வயது, நெற்றி நிறைய திருநீறு, கையில் பச்சை நிற ஹோஸ். மூன்று நாள் நாங்கள் வாளி சுமந்ததைத் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, நான்காம் நாள் தம் வீட்டுத் தோட்டக் குழாயில் மாட்டித் தெருவுக்குக் குறுக்கே நீட்டிவிட்டார்கள். ஹோஸ் நடுவில் ஓட்டை. அதில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தது. மேலே மோட்டார் சைக்கிள் ஏறிப் போகும்போதெல்லாம் எங்கள் வாளியில் தண்ணீர் ஒரு விக்கல் விக்கும். ஆச்சி போட்டது ஒரே நிபந்தனை.

"சார், போர்வை துவைக்கிற அன்னைக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லிருங்க. எங்க தொட்டியும் நிறையணும்லா."

இதில் உபதேசம் எதுவும் கிடையாது. ஹோஸ் இருந்தது.

விசுவாசத்தில் ஓட்டை தேடுகிறவர்களுக்காக டோனாவூரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரை 1901 முதல் தம் ஊராக்கிக்கொண்டு, நிராதரவான குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபரில் களக்காட்டில் மங்கிய வெளிச்சத்தில் புதிதாக வெட்டியிருந்த ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அன்று படுக்கையில் விழுந்தவர்தான். 1951 ஜனவரியில் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த அறையே அவருக்கு உலகம். அவர் ஜெபிக்காதவரா? விசுவாசக் குறைவா? சுகம் வரவில்லை. நோயாளிகளுக்கென்று தமக்கு வந்த ஆறுதல் பிரசுரங்களைப் படித்துப் பார்த்தால், அவை சௌக்கியமாக இருக்கிறவர்கள் சௌக்கியமில்லாதவர்களுக்கு எழுதியவையாகவே அவருக்குப் பட்டன. நோயின் நடுவிலிருந்து எழுதினால்தான் நோயாளிக்கு உதவும் என்று கருதி, அவர் தம் நோயாளி நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் 1933இல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்று புஸ்தகமாயின. என் அண்ணாச்சிக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பு முறிந்தவர்களிடம் நடக்கிறவர்கள் கொஞ்சம் அடக்கியே பேசவேண்டும்.

எட்டாம் நாள்தான் மோட்டாரை வெளியே தூக்க ஆள் கிடைத்தது. (பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, எல்லா மெக்கானிக்குகளும் ஏககாலத்தில் ஊரில் இல்லாமற் போகும் பருவம்.) மேலப்பாளையத்திலிருந்து ஒரு பாய், இரண்டு பையன்களோடு வந்தார். நூற்றெண்பது அடி ஆழம். இருபது அடிக் குழாய்கள் ஒன்பது. கிணற்று வாயின்மேல் மூன்று கால் நாட்டி, சங்கிலிக் கப்பி மாட்டி, ஒவ்வொரு குழாயாக மேலே இழுத்து, கீழே தொங்கும் பாரத்தைக் கிளாம்ப் போட்டுக் கிணற்று வாயில் நிறுத்தி, மேல் குழாயைத் திருகிக் கழற்றவேண்டும். அந்தச் சமயத்தில், கீழே தொங்குகிற அத்தனை இரும்பும் மோட்டாரும் அந்த ஒரு கிளாம்பின் பிடியில் நிற்கின்றன. பையன் அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிறான்! எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

"பாய், இந்தக் கிளாம்ப் தாங்குமா?"

"இருபத்தாறு வருஷமாத் தாங்குது சார்."

அப்போதுதான் பார்த்தேன், குழாயோடு கூடவே ஒரு நைலான் கயிறும் மேலே வந்துகொண்டிருந்தது. அடியில் மோட்டாரின் கழுத்தில் கட்டிய கயிறு. குழாய் முறிந்தாலும் மோட்டார் பாதாளத்துக்குப் போய்விடாமல் இருக்க.

"கிளாம்பைத்தான் இவ்வளவு நம்புதியளே, பிறகு கயிறு எதுக்கு?" என்று வாத்தியார் புத்தியில் மடக்கினேன்.

பாய் சிரித்தார். ஒருவர் தம் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமல் விட்டுவிட்டு நம்புவதா என்று நபிகளிடம் கேட்டாராம். கட்டு, பிறகு நம்பு என்று பதில் வந்ததாம். "நம்புறதுக்குத்தான் சார் கயிறு. இது இருக்கப்போய்த்தான் கை நடுங்காம வேலை பார்க்கேன்" என்றார்.

முல்லரின் பேரேடும் பாயின் கயிறும் ஒரே இனம் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு ஜெபமும் செய்கிறோம். கால்சியம் மாத்திரையும் கொடுக்கிறோம். கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போட்டது அவநம்பிக்கையினால் அன்று.

ஒன்பதாவது குழாய் வந்து, சேறு வழிய மோட்டார் தலையைக் காட்டியபோது தீய்ந்த நாற்றம் தெருவரைக்கும் வீசியது. பாய் ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு அளந்து பார்த்தார்.

"சார், எழுபது அடியிலேயே தண்ணி நிக்கி. ஊத்து அருமையான ஊத்து. மோட்டாருக்குத்தான் கேடு."

வாத்தியார் வேலையில் இருந்தவனுக்கு இது எப்பேர்ப்பட்ட உவமானம்! ஊற்று வற்றவில்லை, இறைக்கிற கருவிதான் பழுது என்று முப்பது நிமிஷப் பிரசங்கம் அங்கேயே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். காரணம், உள்ளே அம்மாவின் விரிப்பை மாற்றவேண்டிய வேளை.

ஆனால் அன்று ராத்திரி அந்த அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு, ஏசாயா 58ஐ முழுவதும் வாசித்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அதுவரையில் அட்டையில் இருந்த அளவுக்குமேல் வாசிக்கவில்லை.

அன்பர்களே, அட்டையில் பாதி வசனம்தான் இருக்கிறது!

அதே வசனத்தின் முற்பாதியில் வறட்சி இருக்கிறது. மகா வறட்சியான காலத்தில் உன் ஆத்துமாவைத் திருப்தியாக்குவேன் என்ற கருத்தில் ஆரம்பித்துத்தான் ஊற்றுக்கு வருகிறது. வறட்சி வராது என்று கடவுள் சொல்லவே இல்லை. வறட்சியை முன்னால் வைத்துக்கொண்டே பேசுகிறார். அச்சகத்தார், இடம் போதாமையினாலோ, புதுவருஷத்தில் வறட்சி என்று போடுவானேன் என்ற மங்கல எண்ணத்தினாலோ, அதை வெட்டிவிட்டார்கள். இன்னும் மேலே போனால், அதிகாரம் முழுவதும் உபவாசத்தைப் பற்றியது. பட்டினி கிடந்து தலைகுனிந்து உட்காருவதா உபவாசம்? பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு, வீடில்லாதவனை வீட்டில் சேர்த்துக்கொள் என்று கடிந்துரைத்துவிட்டு, அப்படிச் செய்கிறவனைப் பார்த்துத்தான் ஊற்றைச் சொல்கிறார். அதிலும், உனக்கு ஓர் ஊற்றுத் தருகிறேன் என்று இல்லை. நீ ஊற்றாய் இருப்பாய் என்று இருக்கிறது.

இருப்பாய். பயனிலையைப் பார்க்காமல் அட்டையை ஒட்டியவன் ஒரு தமிழ் வாத்தியார். எத்தனை பையன்களுக்கு இதற்காக மதிப்பெண் குறைத்திருப்பேன்!

அந்த இலக்கணத்தின்படி பார்த்தால், எங்கள் தெருவில் அந்த வாரம் அந்த வசனம் நிறைவேறிய வீடு, அட்டை ஒட்டிய வீடு அன்று; எதிர்வீடு. பிடியரிசிக் கலயத்தின் கணக்கும், ஐம்பது வருஷம் கழித்து, எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இல்லாத நாளில் போட்ட அந்த ஒரு பிடியினால் எங்கள் வறுமை தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதைப் போட்டுவந்த வரையில் அம்மா தரித்திரம் பிடித்தவர்களாக ஒருநாளும் இருந்ததில்லை. தேவனை நம்புவது என்று நான் பேரமாகவும், பல்கடியாகவும், நடுநிசிக் கணக்காகவும் செய்து தோற்றதை, அவர்கள் கைப்பிடி அளவில் வேளைதோறும் செய்துகொண்டிருந்தார்கள்.

மிச்சக் கதை சுருக்கம். காயில் கட்டி, பேரிங் மாற்றி, பாய்க்குக் கூலியும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஜனவரி 13 சாயங்காலம் தண்ணீர் வந்தது. முதல் பத்து நிமிஷம் செந்நிறம், பிறகு தெளிவு. (கடன் வாங்கவில்லை. முல்லர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.) அம்மா இன்னும் எழுந்து நடக்கவில்லை, நடப்பார்களா என்பதும் தெரியவில்லை. அதற்கும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஒரு நாளுக்கு ஒரு நாளாக. சில ராத்திரிகளில் கணக்குப் பிசாசு இன்னமும் இரண்டு மணிக்கு எழுப்பத்தான் செய்கிறது.

அண்ணாச்சி மேலிருந்த கோபம், இவ்வளவு எழுதியதில் பாதி ஆறிவிட்டது. பாவம், அவரும் தம் அளவில் வாளி தூக்கத்தான் வந்தார், வெறும் வாளி. அடுத்த முறை வந்தால் ஓட்டை தேடும் வேலையை விட்டுவிட்டு இரண்டு குடம் பிடித்துத் தரச்சொல்லலாம் என்றிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் தெருவே அமளிதுமளியாக இருக்கிறது. நாளை மறுநாள் ஆச்சி வீட்டுப் பேத்திக்குக் கல்யாணம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நாற்பது பேர் வந்து இறங்கிவிட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு வேளைக் குளியல். மத்தியானம் ஆச்சி திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்கள்: "சார், அந்த ஹோஸை இப்பம் உங்க வீட்டுக் குழாயில மாட்டி இங்கன விடுங்க!" அதே பச்சை ஹோஸ், அதே சைக்கிள் டியூப் கட்டு. தண்ணீர் மாத்திரம் எதிர்த் திசையில் போகிறது. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவன், எழுத்து மும்முரத்தில் நேரத்தைக் கவனிக்கவில்லை.

படுத்த இடத்திலிருந்து தெருவையே காதால் பார்க்கிறவர்கள் என் தாயார். கேளுங்கள், கூப்பிடுகிறார்கள்:

"எய்யா! ஆச்சி வீட்டுத் தொட்டி நிறைஞ்சு தெருவுல ஓடுதாம்லே! எழுதுனது போதும், போய் மோட்டாரை நிறுத்து!"